சட்டைப் பையில் பீஸ் கட்டை

மாதத்தில் ஒரு நாள் எங்கள் வீட்டில் குடிபெயர்வு நடக்கும். காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்தி மாலை ஐந்து மணிக்குத்தான் விடுவார்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் போடுவார்கள். தெருவில் எல்லோருக்கும் அது ஷட் டவுன். மற்ற வீடுகளில் அன்றைக்குச் சீக்கிரமே மாவாட்டி, தண்ணீர் ஏற்றி, செல்போனை சார்ஜ் போட்டுவிட்டால் கதை முடிந்தது. எங்கள் வீட்டில் முடியாது. என் வீட்டுக்காரருக்கு மூச்சே மின்சாரத்தில்தான் வந்துகொண்டிருந்தது.

ஆக்சிஜன் மெஷின் என்று ஒன்று. சக்கரம் வைத்தது, இடுப்பு உயரம் இருக்கும். அறைக் காற்றை உள்ளே இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, ட்யூப் வழியாக மூக்குக்கு அனுப்பும். இரவு பகல் ஓட வேண்டும். நின்றுவிட்டால், அசையாமல் படுத்திருந்தாலும் அரை மணி நேரம் தாங்குவார். அதற்குமேல் உதட்டின் நிறம் மாறும்.

ஆம்பூர் பக்கம் ஒரு தோல் ஃபேக்டரியில் முப்பத்தோரு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். பீடி, சிகரெட் தொட்டதில்லை. நுரையீரல் நார் நாராகிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, எதனால் என்று கேட்டேன். பல காரணம் இருக்கலாம்மா என்றார். அந்தப் பல காரணத்தில் ஒன்றையாவது கையில் பிடித்துக்கொடுத்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் வீட்டில் இருப்பவரிடமே சிடுசிடுத்துக்கொண்டிருந்தேன்.

ஷட் டவுன் அன்று பாகாயத்தில் என் தங்கை வீட்டுக்குப் போவோம். அது வேறு லைன். எங்களுக்கு நிற்கும் நாளில் அங்கே நிற்காது. பக்கத்து வீட்டு பாய் சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறார். எட்டு மணிக்கே வண்டியை வாசலில் நிறுத்திவிடுவார். வழிக்கென்று வாடகைக்கு வாங்கி வைத்திருந்த சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை நான் மடியில் வைத்துக்கொள்வேன். அவர் என் தோளில் சாய்ந்துகொள்வார். மெஷினை பாய் தன் சீட்டுக்குப் பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டுவார். போய் இறங்கி, சாயங்காலம் திரும்பி வந்தால், அடுத்த இரண்டு நாளைக்கு அவரால் எழுந்து உட்காரக்கூட முடியாது.

"போன மாசம் போய் வந்த மூச்சே... இன்னும் வந்து சேரல டீச்சர்" என்பார். என்னைக் கல்யாணமான நாளிலிருந்து டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கிண்டலாக ஆரம்பித்தது, அதுவே பேராகிவிட்டது.

டீச்சர்தான். மூன்றாம் வகுப்புக்கு முப்பது வருடம் பாடம் எடுத்தேன். பிள்ளைகள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு நடுவில் நின்று முழிக்கும். மீதியை நாம் எடுத்துக்கொடுக்க வேண்டும். அந்தப் பழக்கம் நாக்கிலேயே ஊறிவிட்டது. இவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும், அதையே இவரிடமும் காட்டினேன். இவர் வாயைத் திறந்தால், "நீங்க பேசாதீங்க, நான் சொல்றேன்" என்று முடித்துவைப்பேன். டாக்டரிடம் நான்தான் பதில் சொல்வேன். பால்காரனிடம், சபை போதகரிடம், பார்க்க வருகிற பழைய ஃபேக்டரி ஆட்களிடம், எல்லோரிடமும் நானே. அவருடைய மூச்சை மிச்சம் பிடிக்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஃபேக்டரியில் எங்காவது லைனில் கை வைப்பதற்கு முன்னால், அந்த லைனின் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். வெள்ளைப் பீங்கானில், உள்ளங்கை அளவு இருக்கும். அது பையில் இருக்கிறவரை வேறு எவனாலும் அந்த லைனுக்கு கரண்ட் கொடுக்க முடியாது. போடாதே என்று சுவிட்சில் பலகை மாட்டினாலும் யாராவது மறந்துபோய்ப் போட்டுவிடுவான். பையில் இருப்பதை யாரும் போட முடியாது என்பார். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து கட்டையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். ஊறவைத்த சட்டையைத் துவைக்க எடுத்தேன், கல்லில் டங்கென்று மோதியது. அதற்குள் ஃபேக்டரியிலிருந்து ஆள் வந்து வாசலில் நிற்கிறான். ஒரு செக்‌ஷனே இருட்டில் உட்கார்ந்திருக்கிறதாம்! நான் சோப்பு நுரையோடு அந்தக் கட்டையை எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி பத்து வருடம் அவரைக் கேலி செய்தேன்.

வீட்டைப் புதுப்பிக்க வேண்டிய கட்டாயம் போன வருடம் வந்தது. கொசப்பேட்டைப் பக்கம் என் மாமனார் கட்டிய வீடு. மேல்தளம் ஒழுகி, கம்பி துருப்பிடித்து, என் வீட்டுக்காரர் படுத்திருந்த அறையில் சிமெண்ட் காரை பெயர்ந்து கட்டிலுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. சுவரில் ஈரம் ஏறினால் ஒயரிங்கும் போகும். எல்லாவற்றையும் ஒருதரம் பிரித்துத்தான் ஆகவேண்டும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். எப்படியும் சுவரை உடைக்கிறோம், மாடியைக் கொத்துகிறோம், இதோடு சேர்த்து சோலாரும் போட்டுவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வெயிலுக்கு வராது. மாசி பிறக்கும் முன்பே மாடியில் கால் வைக்க முடியாது. அத்தனை வெயிலும் சும்மா கொட்டிக்கொண்டு கிடக்க, நாங்கள் ஏன் மூச்சைத் தூக்கிக்கொண்டு பாகாயம் போகவேண்டும்?

சோலார் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். சின்ன வயது, மரியாதையாகப் பேசினார். மாடியெல்லாம் ஏறி அளந்தார். பழைய தளத்தில் நேராகத் துளை போட்டால் மறுபடி ஒழுகும், தூணின் தலைமேல் கால் நட்டு, அதன்மேல் இரும்புச் சட்டம் கட்டி சோலார் பலகைகளை உயரத்தில் வைத்துவிடலாம் என்றார். கொத்தனாரும் தலையாட்டினார். கீழே ஆள் நடக்கலாம், துணி காயப்போடலாம், தளத்தில் வெயில் நேராக விழாததால் அறையும் கொஞ்சம் குளிரும். ஒயர் குழாயைச் சுவர் திறந்திருக்கும்போதே உள்ளே புதைத்துவிடலாம். எல்லாம் எனக்குப் பிடித்திருந்தது.

கீழே வந்து என் வீட்டுக்காரரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விளக்கினார். பகலில் பலகையில் வருவது வீட்டுக்குப் போகும், மிச்சம் லைனுக்குப் போகும், ராத்திரி லைனிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். அப்போது என் வீட்டுக்காரர் வலது கையை மெல்லத் தூக்கினார். வகுப்பில் பிள்ளைகள் தூக்குவார்களே, அப்படி ஒரு விரல்.

"தம்பி... கரண்ட்டு..." என்றார்.

"நீங்க பேசாதீங்க" என்றேன். "கரண்ட் எவ்ளோ வரும்னு கேக்கறாரு தம்பி. அவரு எலக்ட்ரீஷியனா இருந்தவரு, அதான்."

இன்ஜினியர் உற்சாகமாகி எத்தனை யூனிட் வரும் என்று சொல்ல ஆரம்பித்தார். என் வீட்டுக்காரரின் விரல் இன்னும் கொஞ்ச நேரம் மேலேயே இருந்தது. பிறகு போர்வைமேல் இறங்கியது.

எட்டுப் பலகைகள் ஏறின. அவற்றை அவர் பார்த்ததே இல்லை. மாடிப்படி ஏறுகிற உடம்பா அது? நான் போனில் படம் பிடித்துவந்து காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பலகையைவிட, சுவரில் மாட்டியிருந்த இன்வர்ட்டர் பெட்டியைத்தான் ஜாஸ்தி நேரம் பார்த்தார். அப்போதும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து எழுந்துபோய்விட்டேன்.

வேலை எல்லாம் முடிந்து, மீட்டர் மாற்றி, சுவருக்கு வெள்ளையடித்து, வீட்டில் ஒரு ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம். போதகர் ஜெபித்து முடித்துவிட்டு, "ஐயா, நீங்க ஒரு வார்த்தை சாட்சி சொல்லுங்க" என்றார். அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு நிமிர்வதற்குள் நான் எழுந்துவிட்டேன். ஆண்டவர் எங்களுக்கு வெயிலையே மருந்தாகக் கொடுத்தார், இனி ஷட் டவுன் என்றால் பயமில்லை, யார் வீட்டுக்கும் போகவேண்டியதில்லை என்று அவருடைய சாட்சியை நானே சொல்லி முடித்தேன். எல்லோரும் ஆமென் என்றார்கள். அவரைத் திரும்பிப் பார்த்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நெகிழ்ந்துபோயிருக்கிறார் என்று நினைத்தேன். ஐயோ, என் புத்தி!

அதோடு நிறுத்தினேனா? பழைய பேட்டரி இன்வர்ட்டர் ஒன்று வீட்டில் கிடந்தது. இரண்டு மணி நேரமாவது தாங்கும். சோலார் வந்தபிறகு இது எதற்கு இடத்தை அடைக்கிறது என்று பழைய இரும்புக்காரனுக்குப் போட்டேன். வாடகை சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தேன். ஆள் வந்து சிலிண்டரை உருட்டிக்கொண்டு போகும்போது அவர், "இரு... இரு" என்று கையை நீட்டினார். "எதுக்கு இரு? எல்லாம் நான் பாத்துக்கறேன், நீங்க படுங்க" என்றேன். பாயிடம் போய், "பாய், இனிமே ஷட் டவுனுக்கு ஆட்டோ வேணாம்" என்று சொன்னேன். "வெயில்லயே மெஷின் ஓடுதாம்மா? நல்லதாப் போச்சு, மாஷா அல்லா" என்றார். தங்கைக்கும் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

அடுத்த ஷட் டவுன் வந்தது.

அன்றைக்கு இட்லி ஊற்றி, அவருக்குத் துண்டு துண்டாகப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பயத்தில் இல்லை, திமிரில். ஒன்பதைத் தாண்டி ஐந்தாறு நிமிடம் ஆகியிருக்கும். ஃபேன் சுழற்சி குறைந்தது. மெஷின் ஒரு நீளமான கூச்சல் போட்டுவிட்டு நின்றது.

மாறுவதற்கு ஒரு நிமிடம் எடுக்கும்போலிருக்கிறது என்று நினைத்தேன். இட்லியோடு கை அந்தரத்தில் நிற்கிறது. ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. தட்டைக் கீழே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். வெயிலில் கண் கூசியது. எட்டுப் பலகையும் பளபளவென்று வெயிலைக் குடித்துக்கொண்டிருந்தன. கீழே ஓடிவந்து இன்வர்ட்டர் பெட்டியைப் பார்த்தால் சிவப்பு விளக்கு.

இன்ஜினியருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, கரண்ட் போச்சு, சோலார் வரல!"

"ஆமாம்மா, லைன்ல கரண்ட் போனா இதுவும் நின்னுடும்."

"இன்னா நின்னுடுமா? மேல வெயில் கொளுத்துது!"

"வெயில் இருந்தாலும் நின்னுடும்மா. அப்படித்தான் வெச்சிருக்காங்க. நம்ம பேனல் கரண்ட் லைனுக்குப் போச்சுன்னா, கம்பத்துல வேலை செய்றவங்க செத்துடுவாங்க இல்ல? ஷட் டவுன்ல ஓடணும்னா பேட்டரி போடற மாதிரி வேற இன்வர்ட்டர் வெச்சிருக்கணும். நீங்க கேக்கவே இல்லையேம்மா."

நான் கேட்கவில்லை. கேட்க வந்தவரை நான் விடவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். தெரியும் என்பதுபோல. அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தூக்கிய அந்த ஒரு விரலில் அத்தனையும் இருந்தது.

விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியில் தொண்ணூற்றொன்று காட்டியது. பாய்க்குப் போன் போட்டேன். விரிஞ்சிபுரம் கோயிலுக்கு ஒரு குடும்பத்தைச் சவாரி ஏற்றிக்கொண்டு போயிருந்தார். "அடடா, ஆட்டோ வேணாம்னு சொன்னீங்களேம்மா! எறக்கி விட்டுட்டு பறந்து வர்றேன்" என்றார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், வண்டி வேறு பக்கம் போயிருக்கிறது, வந்துவிடும் என்றார்கள். செல்போனில் கார் தேடினேன், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தெருவில் இன்வர்ட்டர் வைத்திருக்கும் ஒரே வீடு பூட்டிக் கிடந்தது. எண்பத்தாறு.

தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் லைன்மேன்கள் நிற்பது வாசலிலிருந்தே தெரிந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். இரண்டு பேர் கீழே, ஒருவர் கம்பத்தின் மேலே, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு.

"ஐயா, என் வீட்டுக்காரருக்கு ஆக்சிஜன் மெஷின் நின்னுபோச்சு. ஒரு அரை மணி நேரம் கரண்ட் குடுங்கய்யா, உங்க கால்ல விழறேன்."

கீழே இருந்த பெரியவர் பதறிப்போனார். "இங்க எங்க கையில இல்லம்மா. சப்ஸ்டேஷன்ல நிறுத்தியிருக்கு. பத்து எடத்துல ஆளுங்க மேல ஏறியிருக்காங்க. எல்லாரும் எறங்கிட்டேன்னு சொன்னாதான் விடுவாங்க." சொல்லிக்கொண்டே ஆபீஸுக்குப் போன் போட்டார். பாவம், அவரும் கெஞ்சிப் பார்த்தார். அவர் சட்டைப் பை கனத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளையாக ஒரு பீங்கான் விளிம்பு வெளியே தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன். திரும்பி ஓடிவந்துவிட்டேன்.

வீட்டில் எங்களுக்கு ஒயரிங் செய்த எலக்ட்ரீஷியன் வந்து நின்றார். அடுத்த தெருவில் கடை வைத்திருப்பவர், என் கூச்சலைக் கேட்டு வந்திருக்கிறார். இன்வர்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, கடைல ஒரு கம்ப்யூட்டர் யுபிஎஸ் கீது. மெஷினை ஓட்டறதுக்கு அது தாங்காது, அஞ்சு நிமிஷத்துல பூடும். ஆனா லைன்ல கரண்ட் இருக்கற மாதிரி இந்தப் பெட்டிக்குக் காட்டி, இத ஏமாத்தலாம். சோலார் ஓட ஆரம்பிச்சிடும்."

"அப்ப செய்யுப்பா!"

"மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் செய்யணும். ஆனா சோலார்காரங்க லைனை மெயினுக்கு முன்னால சேத்தாங்களா, பின்னால சேத்தாங்களான்னு எனக்குத் தெரியாது. எல்லாம் சுவத்துக்குள்ள பூசிட்டாங்க. முன்னால சேத்திருந்தா கரண்ட் வெளிய கம்பத்துக்குப் போயிடும். நூத்துக்குத் தொண்ணூறு போகாது. சார் இன்னா சொல்றாரு?"

சுவருக்குள் குழாயைப் புதைக்கச் சம்மதித்தது நான்தான். அழகாக இருக்கட்டும் என்று.

அவர் தலையணையில் சாய்ந்து, தோள்பட்டை தூக்கித் தூக்கி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். எழுபத்தொன்பது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. கண் மட்டும் எலக்ட்ரீஷியன் மேலேயே இருந்தது. வாயைத் திறந்தார்.

நான் முந்திக்கொண்டேன். "சரின்றாரு. போடுப்பா."

அதை இன்றைக்கு எழுதும்போதும் கை நிற்கிறது. கம்பத்தில் ஒரு மனிதன் கயிற்றில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். அவன் யாரோ, இவர் என் புருஷன், அவ்வளவுதான் என் மனசில் இருந்தது. அதையும் என் வாயால் சொல்ல தைரியமில்லாமல் அவர் வாயால் சொன்னேன்.

எலக்ட்ரீஷியன் யுபிஎஸ் எடுத்துவரத் திரும்பினார். அப்போது என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. அந்த நிலைமையில் அவரிடம் அத்தனை பலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, வளையல் அழுந்தி வலித்தது. மற்ற கையால் தன் நெஞ்சைத் தட்டினார். நெஞ்சு வலிக்கிறதோ என்று பதறினேன். இல்லை. இடது பக்கம், சட்டைப் பையை. காலிப் பை. இரண்டு தரம் தட்டினார். பிறகு விரலை மேலே, தெருப்பக்கம் காட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

எலக்ட்ரீஷியனுக்கு என்னைவிட முன்னால் புரிந்துவிட்டது. "சரி சார்" என்றார். பெட்டியை மூடிவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்று கத்தினேன். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. நான் எடுத்துக்கொடுப்பதற்கு வார்த்தையே இல்லாத ஒரு பதிலை அவர் சொல்லிவிட்டார். செய்வதற்கு எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. பழைய வாரப் பத்திரிகை ஒன்றை எடுத்து விசிறினேன். ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. மேலே எட்டுப் பலகை, கீழே நான் விசிறி வீசிக்கொண்டிருக்கிறேன்.

பாய் வந்து சேர்ந்தபோது எழுபத்துமூன்று. எலக்ட்ரீஷியனும் பாயும் அவரைப் போர்வையோடு தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார் பாய். வழியெல்லாம் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஓரம் போப்பா, ஓரம் போ, பேஜார் பண்ணாத!" என்று தொண்டை கிழியக் கத்தினார். தெருமுனையைத் தாண்டும்போது கம்பத்தைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் தலை என் மடியில் கனத்துக்கொண்டே வந்தது.

காஷுவாலிட்டியில் வாங்கிக்கொண்டார்கள். மாஸ்க் போட்டார்கள், ஊசி போட்டார்கள், என்னை வெளியே தள்ளித் திரையை இழுத்தார்கள். மறுபடி உள்ளே விட்டபோது மத்தியானம் கடந்து வெகுநேரம் ஆகியிருந்தது. இந்தத் தரம் தப்பிச்சுட்டார்மா, ஆனா இனிமே முன்ன மாதிரி இருக்காது, மெஷின்ல இன்னும் கூட்டி வைக்கணும், கீழ எறங்கினது திரும்ப ஏறாது என்று டாக்டர் சொன்னார். நான் தலையாட்டினேன். பக்கத்துக் கட்டில்களில் வெளிமாநிலத்துக்காரர்கள் அவர்கள் பாஷையில் அழுதுகொண்டிருந்தார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

ஐந்து மணிக்கு மேல் கண் திறந்தார். என்னைப் பார்த்தார். கையைத் தூக்கி மாஸ்க்கை ஒரு பக்கமாக நகர்த்தினார். ஏதோ சொல்லப்போகிறார். முதல் வார்த்தையிலேயே எனக்கு மீதி தெரிந்துவிட்டது. நாக்கு நுனிவரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"மேல..."

மூச்சு.

"ஏறனவன்..."

மூச்சு. நர்ஸ் மாஸ்க்கைச் சரிசெய்ய வந்தார். நான் கை காட்டி நிறுத்தினேன்.

"எறங்கிட்டானா... டீச்சர்?"

"தெரியலங்க. நான் பாக்கல" என்றேன்.

அவர் கண்ணை மூடவில்லை. பதில் வரும்வரை மூடமாட்டார் என்று தெரிந்தது. வராந்தாவுக்குப் போய்ப் பாய்க்குப் போன் போட்டேன். எங்களை இறக்கிவிட்டு அவர் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்.

"பாய், தெருமுனைல கம்பத்துல ஏறியிருந்த ஆளு எறங்கிட்டாரா பாத்துச் சொல்லுங்க."

"எல்லாரும் எறங்கிட்டாங்கம்மா. இப்பதான் டீ குடிச்சிட்டுப் போனாங்க. பெரியவரு வந்து சாருக்கு எப்படி இருக்குன்னு விசாரிச்சாரு. கரண்ட் வந்துடுச்சு." கொஞ்சம் தயங்கினார். "அம்மா, உங்க வீட்டு வாசல்லதான் நிக்கறேன். பூட்டு போட்டுத்தான் கீது. உள்ள மெஷின் ஓடற சத்தம் கேக்குதும்மா. சுவிட்சை நிறுத்தாம வந்துட்டீங்க போல."

நான் உள்ளே போனேன். அவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறங்கிட்டாராம்" என்றேன்.

மெஷின் ஓடுவதைச் சொல்லவில்லை.